பணம் கட்டும் பக்கத்தில் காத்திருக்கும் கடன்: கண்டுபிடிக்க, தவிர்க்க, வெளியே வர முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "தம்பி, ஏதோ தவணை கட்டலைன்னு மெசேஜ் வந்திருக்கு. நான் யார்கிட்டயும் கடனே வாங்கலையேடா. ஏமாத்துற மெசேஜ்தானே, அழிச்சிடட்டுமா?" என்றாள். அழிக்காதே, நான் வந்து பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் அவள் போனை வாங்கிப் பழைய மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நாற்பது நாளுக்கு முன் ஓர் ஆன்லைன் கடையில் மகளுக்குப் பள்ளிப் பை வாங்கியிருந்தாள். அன்றைக்கு இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு ஓடிபி வந்திருந்தன. முதலாவது, கடையில் நுழைவதற்கு. இரண்டாவதைத் திறந்து முழுக்கப் படித்தால், கடைசி வரியில் "கடன் ஒப்பந்தத்தின் விதிமுறைகளை ஏற்க" என்று இருந்தது. அந்த வரியை அவள் பார்க்கவே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள்? போனே ஆறு இலக்கத்தை எடுத்து, கட்டத்தில் தானாக நிரப்பிவிட்டது. அவள் தொட்டது "தொடர்க" என்ற பெரிய பட்டனை மட்டும்தான். அதற்கு மேலே "அடுத்த மாதம் கட்டலாம்" என்ற வரி ஏற்கெனவே தேர்வாகி நின்றிருக்கிறது.

பைக்குப் பணம் கொடுத்ததாகத்தான் அவள் நினைத்தாள். உண்மையில் நடந்தது, அவள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கணக்கு திறந்தது. இந்த இரண்டும் ஒரே பட்டனில் முடிந்துவிடுவதுதான் என்னை உறுத்துகிறது. வங்கிக்குப் போய்க் கடன் கேட்டால் வட்டி எவ்வளவு, எத்தனை மாதம் என்று நாலு கேள்வி கேட்போம், வீட்டில் கலந்து பேசுவோம். இங்கே அதே முடிவை, பொருள் கைக்கு வரப்போகிற அவசரத்தில், பத்து நொடியில் எடுக்க வைக்கிறார்கள்.

இது அக்கா ஒருத்தியின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 2015 மே மாதம் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி, ஆன்லைனில் பணம் கட்ட உதவும் பேபால் நிறுவனத்தின் மீது இதே விஷயத்துக்காக நடவடிக்கை எடுத்தது. பொருள் வாங்க வந்தவர்களை அவர்களுக்கே தெரியாமல் பேபால் கிரெடிட் என்ற கடன் கணக்கில் சேர்த்தார்கள், கேட்காமலே அதையே பணம் கட்டும் வழியாகவும் வைத்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 1.5 கோடி டாலர், அபராதம் 1 கோடி டாலர் என்று வழக்கு சமரசத்தில் முடிந்தது. பல பேர் வரவேற்பு மெயிலோ, பில்லோ, வசூல் போனோ வந்த பிறகுதான் தங்களுக்கு அப்படியொரு கணக்கு இருப்பதையே அறிந்தார்கள்.

கடைக்கு இதில் என்ன லாபம்?

இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பக்கம் ஏன் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கிவிடும். பே லேட்டர், அதாவது இப்போது வாங்கிப் பிறகு கட்டும் வசதி தரும் நிறுவனங்கள், ஒவ்வொரு விற்பனைக்கும் கடையிடம் கமிஷன் வாங்குகின்றன. பெரும்பாலும் அது சாதாரண கார்டுக்கான கட்டணத்தைவிட அதிகம். அதைக் கொடுத்தும் கடைகள் முன்வருவதற்குக் காரணம் உண்டு. 6,000 என்ற விலை தயங்க வைக்கும். "மாதம் 500" என்று போட்டால் கை தானாகப் போகும். வாங்கும் கூடையில் பொருள் கூடும், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவார்கள்.

சில கடைகள் சொந்தமாகவே கடன் கணக்கு நடத்துகின்றன. அங்கே வட்டியும் தாமதக் கட்டணமும் நேராகக் கடைக்கோ அதன் குழும நிறுவனத்துக்கோ போகும். இப்படிப்பட்ட கடையில் கடன்தான் சில நேரம் பெரிய வியாபாரம். அதனால் முழுப் பணமும் கட்டி வாங்குகிற வழி பக்கத்தின் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படி 1: பக்கத்தை நின்று பாருங்கள்

பணம் கட்டும் பக்கம் திறந்ததும் உடனே எதையும் தொடாமல் மேலிருந்து கீழே ஒரு முறை தள்ளிப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது ஒரு வட்டம் நிரம்பியிருக்கிறதா? எது? டெபிட் கார்டும் வங்கிப் பரிமாற்றமும் கண்ணுக்குத் தெரிகின்றனவா, அல்லது "மற்ற வழிகள்" என்ற சின்ன எழுத்தைத் தொட்டால்தான் விரிகின்றனவா?

வரிசை சாதாரண விஷயம் இல்லை. ஸ்வீடனில் 2020 ஜூலை 1 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது: கடன் இல்லாத வழிகள் இருந்தால் ஆன்லைன் கடைகள் அவற்றைத்தான் முதலில் காட்ட வேண்டும், கடன் வழியை முன்கூட்டியே தேர்வு செய்து வைக்கக் கூடாது. பே லேட்டர் வியாபாரத்தில் பெரிய பெயரான கிளார்னா பிறந்த நாடு அது. எந்த வரி மேலே இருக்கிறது என்பதால் மட்டுமே மக்கள் கடனாளியாகிறார்கள் என்று அந்த நாட்டுச் சட்டமன்றம் கவலைப்பட்டிருக்கிறது என்றால், நாமும் அதை ஒரு நிமிடம் கவனிக்கலாம்.

அடுத்து, வார்த்தைகள். "கடன்" என்ற சொல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்காது. இருப்பவை இவை: பே லேட்டர், அடுத்த மாதம் கட்டுங்கள், மூன்றாகப் பிரித்துக் கட்டுங்கள், உங்களுக்கான வரம்பு தயார், என் கணக்கில் சேர், ஃப்ளெக்ஸ், ஒரே தொடுதலில் ஆர்டர். "வரம்பு", "லிமிட்", "தகுதி", "ஆக்டிவேட்" ஆகிய நான்கில் எது கண்ணில் பட்டாலும் அது கடன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பணத்தைச் செலவழிக்க உங்களுக்கு யாரும் தகுதி பார்க்க வேண்டியதில்லை. பிறந்த தேதி, வருமானம், பான் எண் என்று கேட்க ஆரம்பித்தாலும் அப்படித்தான். ஒரு பொருளை விற்கக் கடைக்கு உங்கள் சம்பளம் தெரிய வேண்டியதில்லை.

தள்ளுபடி தூண்டிலும் உண்டு. "கணக்கு திறந்தால் இந்த ஆர்டரில் 10% குறைவு" என்பார்கள். அந்தப் பத்து சதவீதம் ஒரே ஒரு முறை. கணக்கு வருடக்கணக்கில் நிற்கும்.

வேண்டாம் என்று சொல்லும் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். "வேண்டாம், நான் முழு விலையே கொடுக்கிறேன்" என்று நம்மைக் கூச்சப்பட வைக்கிற மாதிரி எழுதுவது ஒரு தந்திரம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. கூச்சப்படுத்துவது, பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, குழப்பமான கேள்வி கேட்பது, சில பட்டன்களை மங்கலாக்கி சிலவற்றை மட்டும் பளிச்சென்று காட்டுவது, திரும்பத் திரும்ப நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. புகார் எழுதும்போது இந்தப் பட்டியல் கை கொடுக்கும்.

படி 2: ஓடிபியை முழுக்கப் படியுங்கள்

ஒரே வரியில் சொல்லக்கூடிய படிதான், ஆனால் அக்கா விழுந்த இடம் இது என்பதால் தனியாக வைக்கிறேன். எண்ணைத் தானாக நிரப்ப விடாமல், மெசேஜைத் திறந்து கடைசி எழுத்து வரை படியுங்கள். அனுப்பியது உங்கள் வங்கியா, பெயர் தெரியாத நிதி நிறுவனமா? எவ்வளவு தொகை என்று இருக்கிறதா? பணம் எடுப்பதற்கான ஓடிபியில் வழக்கமாகத் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். தொகையே இல்லாமல் "விதிமுறைகளை ஏற்க", "கணக்கைச் செயல்படுத்த", "விவரங்களைப் பெறச் சம்மதிக்க" என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓடிபி காலாவதியாகட்டும். கூடையில் பொருள் அப்படியேதான் இருக்கும்.

படி 3: யார் கடன் கொடுக்கிறார், எந்த வகை?

எல்லாக் கடனும் ஒன்று இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

குறுகிய தவணை வகை ஒன்று. நாலு தவணை, இரண்டு வாரத்துக்கு ஒன்று, முதல் தவணை இப்போதே. பெரும்பாலும் வட்டி இருக்காது, தவறினால் தாமதக் கட்டணம் இருக்கும். ஒரே ஒரு ஆர்டர் என்றால் சமாளிக்கலாம். நாலு கடையில் நாலு ஆர்டர் என்றால் இன்னும் பன்னிரண்டு தேதிகளை நினைவில் வைக்க வேண்டும். மக்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்தத் தேதிகளில்தான்.

கார்டு ஈஎம்ஐ இன்னொன்று. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கிரெடிட் கார்டில் வங்கி பிரித்துத் தருவது. புதுக் கணக்கு திறக்காது என்பது நல்லது. ஆனால் "நோ காஸ்ட்" என்ற பெயரை நம்ப வேண்டாம். 2013 செப்டம்பரிலேயே இந்திய ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கும்: முன்கூட்டியே விலையில் ஏற்றப்பட்டோ, முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி பறிபோயோ, ப்ராசசிங் கட்டணமாகவோ. இந்தியாவில் அந்த வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டியும் சேரும்.

மூன்றாவது வகையைப் பார்த்துத்தான் நான் உண்மையிலேயே பயப்படுகிறேன். கடையே நடத்தும், அல்லது கடையின் பெயரில் ஒரு நிதி நிறுவனம் நடத்தும் சுழல் கடன் கணக்கு. இதில் முடிவுத் தேதி கிடையாது. வாங்க வாங்கப் பாக்கியில் சேரும். மாதம் "குறைந்தபட்சத் தொகை" கட்டினால் போதும் என்பார்கள். பாக்கி 20,000, மாத வட்டி 3%, குறைந்தபட்சத் தொகை 5% என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 1,000 கட்டுகிறீர்கள். அதில் 600 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 400. அடுத்த மாதப் பாக்கி 19,600. நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர், ஒரு தேதியும் தவறவில்லை, ஆனாலும் கடன் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இடையில் இன்னொரு பொருள் வாங்கினால் போன மாதம் குறைந்ததும் திரும்பி வந்துவிடும்.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? "கடன் வழங்குபவர்" என்ற பெயரைத் தேடுங்கள். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், விதிமுறைகள் என்ற இணைப்புக்குள் இருக்கும். இந்தியாவில் என்றால் கடன் தருவதற்கு முன்பே முக்கிய விவர அறிக்கை, அதாவது கேஎஃப்எஸ், உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்திர விகிதமான ஏபிஆர் இருக்க வேண்டும். அது வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள்.

படி 4: ஒரு காகிதத்தில் கணக்கு போடுங்கள்

மூன்று கணக்கு போதும். பள்ளிக்கூடக் கணக்கைவிடச் சுலபம்.

முதலாவது, சின்னக் கட்டணம். "வட்டி இல்லை, வெறும் 60 வசதிக் கட்டணம்" என்கிறார்கள். பொருள் 2,000, கட்ட வேண்டியது 30 நாளில். 2,000க்கு 60 என்றால் மாதம் 3%. வருடத்துக்கு 36%. வட்டி என்று பெயர் வைக்காததால் அது வட்டி இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, ஃப்ளாட் வட்டி. 12,000 பொருள், 12 மாதம், "10% மட்டும்". வட்டி 1,200, மாதத் தவணை 1,100. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதா மாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். ஆறாவது மாதம் உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ பாதிக் கடன்தான். வட்டியோ கடைசி வரை முழு 12,000க்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி போட்டால் இதன் உண்மையான விகிதம் வருடத்துக்குச் சுமார் 18%.

மூன்றாவது ஒத்திவைத்த வட்டி. இதில்தான் கெட்டிக்காரர்களும் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "12 மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிட்டால் வட்டி இல்லை" என்பது வாக்குறுதி. பொருள் 12,000. நீங்கள் மாதம் 950 என்று பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டுகிறீர்கள். மொத்தம் 11,400. பாக்கி வெறும் 600. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். ஒப்பந்தத்தில் மாத வட்டி 2% என்று இருந்தால், முதல் நாளிலிருந்து ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் கணக்கிட்டு, வட்டிக்கு வட்டி சேர்க்காமலே 1,626 ஒரே நாளில் பில்லில் ஏறும். 600 பாக்கிக்கு 1,626 வட்டி! வட்டி தள்ளுபடி ஆகவில்லை, பன்னிரண்டு மாதமும் மறைவாக ஏறிக்கொண்டிருந்தது. அதனால் இப்படிப்பட்ட திட்டத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: குறிப்பிட்ட நாளில் பாக்கி நின்றால், வட்டி அந்தப் பாக்கிக்கு மட்டுமா, முதல் நாளிலிருந்தா? இன்னொன்று, திட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பெரும்பாலும் 12 மாதத்தில் கடன் முடியாது. விலையைப் பதினொன்றால் வகுத்து, வருகிற தொகையைக் கட்டுங்கள். ஒரு மாதம் கையில் மிச்சம் இருக்கும்.

படி 5: எப்போது எடுக்கலாம்

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அவசியமான ஒரு சாதனம் பழுதாகிவிட்டது, பணம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, வட்டியில்லாத குறுகிய தவணை கிடைக்கிறது என்றால் எடுக்கலாம். சில இடங்களில் கடனில் வாங்குவது பாதுகாப்பும் தரும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கிக் கடை ஏமாற்றினால் கார்டு நிறுவனமும் பொறுப்பு.

எடுப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை. பணம் கட்டும் பக்கத்தை மூடிவிட்டு, "இந்தத் தொகைக்கு, இந்த வட்டிக்கு, இந்த நிறுவனத்திடம் நானாகப் போய்க் கடன் கேட்பேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளும் ஆமாம் என்று தோன்றினால் எடுங்கள்.

படி 6: கதவை முன்கூட்டியே சாத்துங்கள்

இன்றைக்கே பத்து நிமிடம் ஒதுக்கி, நீங்கள் அடிக்கடி வாங்கும் ஆப்களைத் திறந்து பாருங்கள். "கணக்கு" அல்லது "பணம் கட்டும் முறைகள்" என்ற பகுதிக்குள் போனால், எந்த வழி இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். அதை உங்கள் டெபிட் கார்டுக்கு மாற்றுங்கள். பே லேட்டர் என்று ஒன்று செயல்பாட்டில் இருந்து பாக்கி இல்லாமல் இருந்தால் முடக்கிவிடுங்கள். ஒரே தொடுதலில் ஆர்டர் செய்யும் வசதி இருந்தால் அதையும். ஆப் கேட்ட அனுமதிகளில் தொடர்புகள், படங்கள், மெசேஜ்கள் ஆகியவற்றைத் திரும்பப் பெறுங்கள். பொருள் வாங்க இவை எதுவும் வேண்டாம்.

வங்கி ஆப்பில் ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் தந்த அனுமதிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அது எதற்கு என்று கண்டுபிடித்த பிறகே ரத்து செய்யுங்கள். முதலில் ரத்து செய்தால், கடன் உண்மையாக இருக்கும்பட்சத்தில் தவணை தவறிக் கட்டணம் ஏறும்.

வீட்டில் வயதானவர்கள் போனிலும், முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் போனிலும் இதையே செய்து கொடுங்கள். அவர்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து.

படி 7: தெரியாமல் எடுத்துவிட்டீர்களா? முதல் நாள் முக்கியம்

பதறாதீர்கள், ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவும் வேண்டாம். பல நாடுகளில் கடனிலிருந்து காரணம் சொல்லாமல் விலகக் குறுகிய அவகாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் சட்டத்தின் கீழ் வரும் நுகர்வோர் கடன்களுக்கு 14 நாள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள்படி, கடன் தருபவர் குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும். எத்தனை நாள் என்பது கேஎஃப்எஸ்ஸில் இருக்கும். அந்த நாட்களுக்குள் அசலையும், கடன் கையில் இருந்த நாட்களுக்கான விகிதாச்சாரக் கட்டணத்தையும் கட்டினால் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். முன்பே சொல்லியிருந்தால் நியாயமான ப்ராசசிங் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று: ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் கடனும் ரத்தாகிவிட்டது என்று நினைப்பது. ஆர்டர் கடையோடு, கடன் நிதி நிறுவனத்தோடு. இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: கடனிலிருந்து விலகினாலும் பொருளுக்கான விலையைக் கொடுத்தாக வேண்டும்.

சரி, அவகாசம் தாண்டிவிட்டது என்றால்? பெரும்பாலான கடன்களை முன்கூட்டியே முழுதாகக் கட்டி முடிக்கலாம். இன்றைய தேதிக்கு முழுமையாக முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஆப் காட்டும் "அடுத்த தவணை"யோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாமதக் கட்டணம் ஏறியிருந்தால், கடன் என்று தெளிவாகச் சொல்லாமல் சேர்த்தீர்கள் என்று சொல்லித் தள்ளுபடி கேளுங்கள். அக்காவுக்கு இரண்டாவது மெயிலிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள். கேட்காமல் கட்டியிருந்தால் கிடைத்திருக்காது.

படி 8: பொருளைத் திருப்பி அனுப்பும்போது

கடை பொருளைப் பெற்று, சரிபார்த்து, கடன் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லும் வரை தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த இடைவெளியில் வரும் தவணையைக் கட்டாமல் விட்டால் தவறியது நீங்கள்தான் என்று பதிவாகும். திருப்பி அனுப்பிய ரசீதையும் கூரியர் எண்ணையும் படம் எடுத்து வைத்து, அதே நாளில் கடன் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள், தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் சம்மதிக்கும். சம்மதிக்காவிட்டால் கட்டிவிட்டு ரீஃபண்டில் கேட்பதே பாதுகாப்பு. பாதிப் பொருளை மட்டும் திருப்பினால் மீதித் தவணைகள் எப்படி மாறின என்பதைக் கூட்டிப் பாருங்கள். குழப்பம் வருவது அங்கேதான்.

படி 9: பாக்கி பூஜ்யம் ஆனாலும் கணக்கு மூடியதாகாது

கடைசித் தவணை கட்டியதும் நிம்மதியாக ஆப்பை அழித்துவிடுவோம். கணக்கு அப்படியே திறந்திருக்கும், வரம்போடு. பின்னாளில் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது உங்கள் பெயரில் ஒரு கடன் வசதியாக வந்து நிற்கலாம். கணக்கை மூடச் சொல்லி எழுதுங்கள், பாக்கி ஏதும் இல்லை என்ற சான்றை வாங்கி வையுங்கள், அப்புறம் ஆப்பை அழியுங்கள்.

இந்த மாதிரிச் சின்னக் கடன்கள் கடன் பதிவில் ஏறாது என்று முன்பு சொல்வார்கள். அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் கடன் மதிப்பெண் தயாரிக்கும் ஃபிகோ நிறுவனம், பே லேட்டர் விவரங்களையும் சேர்த்துக்கொள்ளும் புதிய மதிப்பெண்களை 2025 ஜூனில் அறிவித்தது. இந்தியாவில் 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள், நம் கடன் பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்குக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் இலவசம். எடுத்துப் பாருங்கள். தெரியாத கணக்கோ, மூடியும் திறந்ததாகக் காட்டும் கணக்கோ இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 10: புகார்

சட்டங்கள் மெதுவாக நம் பக்கம் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூன் 10 முதல் பே லேட்டர் நிறுவனங்களுக்குக் கடன் உரிமம் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் உத்தரவு, முன்பே டிக் அடித்த பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளத் தடை போடுகிறது. அது நடைமுறைக்கு வரும் தேதி 2026 நவம்பர் 20. பிரிட்டனில் 2026 ஜூலை 15 முதல் பே லேட்டர் கடன்கள் அந்நாட்டின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பான நிதி நடத்தை ஆணையத்தின் கண்காணிப்புக்குள் வருகின்றன. "தெரியாமல் சேர்த்துவிட்டார்கள்" என்ற புகாரை யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஆதாரம். ஆர்டர் உறுதி மெயில், எல்லா ஓடிபி மெசேஜ்களும், கணக்கு திறந்த தேதி தெரியும் பக்கம், பில். முடிந்தால் இன்னொரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய், எதையும் தொடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எந்த வழி தேர்வாகி நிற்கிறது என்பது அதில் தெரியும். அக்கா விஷயத்தில் வேலை செய்தது அந்த ஒரு படம்தான்.

பிறகு கடைக்கும் கடன் நிறுவனத்துக்கும் ஒரே மெயில். போனில் பேசினால் பேசியது காற்றோடு போய்விடும். அக்காவுக்காக நான் எழுதியதை அப்படியே தருகிறேன், தேதிகளையும் எண்களையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

"(தேதி) அன்று (ஆர்டர் எண்) ஆர்டருக்குப் பணம் கட்டும்போது, கடன் வழி முன்பே தேர்வாகியிருந்தது. இது கடன் ஒப்பந்தம் என்று எனக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. நான் கடன் கேட்கவில்லை. பொருளின் விலையை முழுமையாகக் கட்டத் தயாராக இருக்கிறேன். ஏறியிருக்கும் வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் நீக்க வேண்டும். விலையைக் கட்டியதும் கணக்கை மூடி, பாக்கி இல்லை என்ற சான்று தர வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய தாமதப் பதிவு இருந்தால் திருத்த வேண்டும். நான் சம்மதம் தந்ததற்கான பதிவின் நகலையும், எனக்கு அனுப்பிய கேஎஃப்எஸ்ஸையும் அனுப்புங்கள். இந்தப் புகாருக்கு எண் கொடுத்துப் பதில் எழுதுங்கள்."

கடைசியில் கேட்கும் நகலை விட்டுவிடாதீர்கள். சம்மதத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்கள் பக்கம் போய்விடுகிறது. அந்த மெயிலுக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியதை நான் பார்த்தேன்.

பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த கட்டம். கடன் பக்கத்துக்கு உங்கள் நாட்டின் நிதிக் குறைதீர்ப்பாளர், கடை பக்கத்துக்கு நுகர்வோர் அமைப்பு. இந்தியாவில் நிதி நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். உதவி எண் 14448. கடையின் ஏமாற்று வடிவமைப்பைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். பிரிட்டனில் நிதிக் குறைதீர்ப்பாளர் சேவையும், அமெரிக்காவில் சிஎஃப்பிபியின் புகார்ப் பக்கமும் இருக்கின்றன. எங்கே போனாலும் முதல் மெயிலின் தேதியைக் கேட்பார்கள். அதனால் அதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.